மதாம் தொட்ட வெறுங்குழல்

எனக்குப் பயம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து சாம்பலைக் கிளறிப் பார்ப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பாடம் சொன்னதெல்லாம் இந்தப் பயம்தான். இதையெல்லாம் என்னை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்தைப் பயத்தில்தான் செய்தேன். ஆனால் பயந்தவள் செய்தாலும் அது அதே காரியம்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அடுத்த வருஷம், கைக்குழந்தையோடு நானும் என் வீட்டுக்காரரும் கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெரு ஒன்றில் குடியேறினோம். சொந்த வீடு இல்லை. மதாம் ஒருத்தர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டு. அவர் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நான் அவருக்குச் சமைத்து, வீட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். அதற்குப் பதில் பின்கட்டில் இருந்துகொள்ளலாம். என் வீட்டுக்காரர் பஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மதாம் பிரான்சில் பிறந்தவர் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் கப்பலேறி வந்தவர், புருஷன் இங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று தெருவில் சொன்னார்கள். தமிழைக் கடைத்தெருவில் கற்றுக்கொண்டவர். வாழைக்காய் விற்பவளிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் வரைக்கும் எல்லாரும் அவருக்கு ‘நீ’தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

முன்வாசலில், உள்ளே நுழையும்போது வலது கைப் பக்கத்து நிலையில், தோள் உயரத்தில் ஒரு சின்ன உலோகக் குழல் இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். நேராக இல்லாமல் தலை உள்பக்கம் சாய்ந்தபடி திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். மதாம் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அதை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வார். நின்று செய்வதில்லை. நடக்கிற நடையிலேயே கை போய்விட்டு வரும். நாங்கள் வேதக்காரர்கள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே போவோம். இதுவும் அப்படி ஏதோ ஒன்று, உள்ளே யாராவது அர்ச்சிஷ்டவருடைய, புனிதருடைய எலும்புத் துணுக்கு இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. வேலைக்காரி வாசற்காலைப் பற்றி என்ன கேட்பது?

பாப்பாவுக்கு இரண்டு வயசு நடக்கும்போது மதாம் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ள மெட்ராஸ் போனார். வர மூன்று வாரம் ஆகும், வீட்டைத் திறந்து காற்றாட விடு என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன நாலாம் நாள் பாப்பாவுக்கு ஜுரம் வந்தது. ஜுரத்தோடு வலிப்பும் வந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மறுபடியும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மூன்று தடவையும் முன்வாசலில் வைத்துத்தான் வந்தது. காற்று நன்றாக வரும் என்று நான்தான் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்திருந்தேன். அது என் புத்தியில் உறைக்கவில்லை. வாசல், வாசல் என்று மட்டும் உறைத்தது.

கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் மீன்கார அக்கா அன்றைக்கும் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டாள்.

“இன்னா தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

சொன்னேன். அவள் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். குழலுக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“அடியே, இது இன்னாடி?”

“மதாமோட சாமி சாமான் அக்கா.”

“சாமி சாமானா? ஒங்க மதாம் கோயிலுக்கே வர்றதில்லன்னு நீதான சொன்ன? இங்க பாரு, இதுல இன்னா கீது பாரு. மூணு முள்ளு. சூலம்டி இது! சூலம் போட்டு, தகட்டை உள்ள சுருட்டி வச்சு, நெலையில அடிச்சு வச்சிருக்குது. எங்க குப்பத்துல கைப்புள்ளைங்கூட சொல்லும் இது இன்னான்னு.”

நான் அதுவரை கவனித்ததில்லை. குழலின் தலையில் ஒரு எழுத்தோ குறியோ புடைத்திருந்தது. கீழே ஒரு வளைவு, அதிலிருந்து மூன்று கிளை மேலே போயிருந்தது. அவள் சொன்ன பிறகு எனக்கு அது சூலமாக மட்டுமே தெரிந்தது.

“மதாம் நல்லவங்க அக்கா.”

“நல்லவங்கதான். யார் இல்லன்னா? மின்னாடி குடியிருந்தவன் எவனாச்சும் வச்சிருப்பான், அது தெரியாம இதுவும் தொட்டுக் கும்புடுது. கழட்டுடி. மஞ்சத்தண்ணியில ரெண்டு கை கல்லுப்பு போட்டு ஒரு பொழுது ஊறவை. சாயங்காலம் எங்கிட்ட குடு. எங்க ஆளு கட்டுமரத்துல எடுத்துட்டுப் போயி நடுக்கடல்ல போட்டுடும்.”

மதாமுக்குக் காகிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். பக்கத்திலிருந்த கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கலாம். என் கழுத்திலேயே மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு தொங்குகிறது, அதை ஒருத்தி தகடு என்று சொல்லிப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்றாவது யோசித்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. அவள் தலை மறைந்ததும் வீட்டுக்காரரின் திருப்புளியை எடுத்துவந்து கழற்றிவிட்டேன்.

குழலின் முதுகுப் பக்கத்து மூடியைத் தள்ளித் திறந்தேன். உள்ளே ஒரு சுருள் இருந்தது. தகடு இல்லை, காகிதமும் இல்லை, ஏதோ தோல் மாதிரி இருந்தது. பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்ததால் சுருளோடு அப்படியே மஞ்சள் தண்ணீரில் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடினேன். காலையில் போட்டேன். பிற்பகல் மூன்று மணி வாக்கில் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது தண்ணீர் மஞ்சளாக இல்லை. கரி கரைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் எடுத்துப் பிரித்தேன். வரிவரியாகக் கையெழுத்து. பொடிப்பொடியாக, ஒன்றோடு ஒன்று இடிக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக. என்ன பாஷை என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு எழுத்தைத் தெரியும். நான் படித்த ஐந்து வகுப்பிலும் கையெழுத்துக்காக மட்டும்தான் என்னைப் பாராட்டினார்கள். இதை எழுதினவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார், தப்பு வந்துவிடக் கூடாது என்று பயந்து எழுதியிருக்கிறார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கெடுதல் செய்கிறவன் இப்படி எழுதமாட்டான். இது ஜெபம். அதில் முக்கால்வாசி என் சட்டித் தண்ணீரில் கரைந்திருந்தது. சுருளின் நடுவில் இறுக்கமாக இருந்த பாகம் மட்டும் தப்பியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே பாப்பாவுக்கு ஜுரம் விட்டது. காலையில்தான் பெரியாஸ்பத்திரியில் புது மருந்து கொடுத்திருந்தார்கள். மீன்கார அக்கா வந்து, “பாத்தியா, நான் சொல்லல?” என்றாள். தகட்டைக் கேட்டாள். நானே கடலில் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். பாப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குள் ‘ஒருவேளை அவள் சொன்னதுதான் சரியோ’ என்ற ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் வெட்கப்பட்டது அதற்காகத்தான்.

தோலை நிழலில் உலர்த்தினேன். அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. மறுபடியும் குழலுக்குள் நுழைக்கப் பார்த்தால் ஓரம் விரிசல் விட்டது. பாப்பாவின் ஞானஸ்நானச் சட்டையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். வெறும் குழலைத் துடைத்து மூடி, பழைய ஓட்டையிலேயே, பழைய சாய்வு மாறாமல் முடுக்கிவிட்டேன்.

மதாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கண் இன்னும் சரியாகத் தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கை மட்டும் தேடாமலே போய்க் குழலைத் தொட்டது. விரல் உதட்டுக்குப் போனது.

“பாப்பா சொகமா?” என்றார்.

“சொகம் மதாம்.”

அப்போது சொல்லியிருக்கலாம். கண் ஆறட்டும் என்று விட்டேன். கண் ஆறியது. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். அப்புறம் சொன்னால் ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது. நாள் ஆக ஆகக் குற்றம் ஒன்று இரண்டாகி நின்றது.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் கோயில் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்பதால் வேறு கோயிலுக்குப் போனேன்.

“அடுத்தவங்க பொருளைப் பாழாக்கிட்டேன் சாமி.”

“அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல சாமி.”

“அப்ப எங்கிட்ட ஏன் மொதல்ல வந்த? அவங்ககிட்ட சொல்லிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்.”

அடுத்த வருஷம் அந்தக் கோயிலையும் மாற்றிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். “ஒன் ஒரு பாவத்துக்கு இந்த ஊருல கோயில் பத்தாது. இனிமே கடலூருக்குத்தான் பஸ் ஏறணும்” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம் நானே போய் அந்தக் குழலுக்குத் துணி சுற்றிக் காவல் நிற்பேன். மதாம் அதைப் பார்த்துவிட்டு, “நீ நல்ல பொண்ணு” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. பாப்பா வளர வளர மதாமையே சுற்றிக்கொண்டு திரிந்தது. அவர் வெளியே கிளம்பும்போது அதைத் தூக்கிப் பிடிப்பார். அது தன் பிஞ்சு விரலால் குழலைத் தொட்டு, ‘உம்மா’ என்று சத்தமாக முத்தம் கொடுத்துக்கொள்ளும். என் பிள்ளை, நான் காலி பண்ணிய குழலை. சமைத்துக்கொண்டே குசினி ஜன்னல் வழியாக இதை நான் ஐந்து வருஷம் பார்த்தேன்.

அவர் யூதர் என்பதும் அந்த வருஷங்களில்தான் தெரிந்தது. பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் மட்டும் கேள்விப்பட்ட ஜனம். நான் திகைத்து நின்றதைப் பார்த்துவிட்டு, “என்ன பாக்கற? ஒன் ஏசுவும் எங்க ஆளுதான். அவரோட அம்மாவும்” என்று சிரித்தார். அப்போதும் வாசற்காலைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயம்.

இந்தியாவோடு ஊர் சட்டப்படியும் முழுசாகச் சேர்ந்த வருஷம் மதாம் பிரான்சுக்குப் போவதாக முடிவு செய்தார். அங்கே சொந்தக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம். பெட்டிகள் கட்ட ஆரம்பித்தோம். ஒரு நாள் பீங்கான் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “வாசல்ல இருக்கறத ஏழு வருஷத்துல ரெண்டு தடவ தொறந்து பாக்கணும். எழுத்து நல்லா இருக்கான்னு. இங்க படிச்சுப் பாக்க யாரு இருக்கா? அங்க போனதும் குடுத்துப் பாக்கணும்.”

அன்றைக்கு வீட்டுக்காரர் ஆலையிலிருந்து வந்ததும் சொன்னேன்.

“கப்பல் ஏறினா முடிஞ்சுது” என்றார். “தொறந்து பாப்பாங்க, இருக்காது. உப்புக்காத்து அரிச்சுடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நீ வாயத் தொறக்காத.”

அது நடக்கக்கூடியதுதான். மதாம் தூர தேசத்தில், யாரோ ஒருவர் முன்னால் குழலைத் திறப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. யாரைக் கேட்பது என்றே தெரியாமல் நிற்பார். நான் இங்கே பத்திரமாக இருப்பேன். இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். சொல்லாமல் விடலாம் என்றுதான் முக்கால் மனசு இருந்தது.

கிளம்புகிற நாள் காலையில் மதாம் திருப்புளியோடு முன்வாசலுக்கு வந்தார்.

“அடுத்து வர்றவங்க எங்க ஆளுங்க இல்ல. அதனால கழட்டி எடுத்துட்டுப் போகணும்” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “இது எங்க அப்பா வீட்டு வாசல்ல இருந்துது. நான் கெளம்பின அன்னைக்கு அவர்தான் கழட்டி என் கோட்டுப் பையில வச்சாரு. எந்த ஊர்ல ஒனக்கு ஒரு கதவு கெடைக்குதோ அதுல வையின்னாரு” என்றார்.

“அப்பா வரலியா மதாம்?”

ஏழு வருஷத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

“விடல” என்றார்.

நான் பின்கட்டுக்குப் போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையோடு எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். உடனே புரியவில்லை. புரிந்ததும் வாசற்காலைப் பார்த்தார்.

“அப்ப அங்க?”

“ஒண்ணும் இல்ல மதாம்.”

“எப்பலேருந்து?”

“நீங்க கண்ணுக்கு மெட்ராஸ் போனப்பலேருந்து.”

“அஞ்சு வருஷம்.” படியில் உட்கார்ந்தார். “அஞ்சு வருஷமா ஒரு டப்பாவுக்கு முத்தம் குடுத்திருக்கேன். பாப்பாவையும் தூக்கிக் காமிச்சேன். நீ பாத்துக்கிட்டு இருந்த.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் மதாம்.”

ஏன் என்று கேட்டார். வலிப்பு, மீன்கார அக்கா, சூலம், மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். சூலம் என்றதும் எழுந்து போய்க் குழலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “இது எழுத்து. சாமியோட ஒரு பேருல மொத எழுத்து” என்றார். அப்புறம், “பாப்பாவுக்கு எப்ப சொகமாச்சு?” என்றார்.

பொய் சொல்ல வாய் வந்தது. “அன்னைக்கே மதாம்” என்றேன்.

“அப்ப ஒனக்குப் பலிச்சுது.” அவர் அப்படிக் கசப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. “இது காவலுக்கு இல்ல பொண்ணே. கெடுதலுக்கும் இல்ல. காவலா இருந்தா எங்க அப்பாவக் காப்பாத்தியிருக்கணுமே? எத்தன வாசல்ல இது இருந்துது தெரியுமா, எங்க தெருவுல? ஒருத்தரையும் மிச்சம் வைக்கல.”

“பின்ன எதுக்கு மதாம்?”

“ஞாபகத்துக்கு. வெளிய போறப்ப யாரு முன்னாடி போறோம், உள்ள வர்றப்ப யாரு முன்னாடி வர்றோம்னு மறக்காம இருக்கறதுக்கு. தெருவுல ஒரு ஆளு, வீட்டுக்குள்ள ஒரு ஆளுன்னு இருக்கக் கூடாதுல்ல.”

அந்த ஒரே வாசலில் ஐந்து வருஷமாக இரண்டு ஆளாக நுழைந்து வெளியே போனவள் நான்.

அவர் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுமாம். சுருளின் உள்பக்கம் தப்பியிருந்ததால் ஒவ்வொரு வரிக்கும் முடிவு மட்டும் மிச்சம். ஆரம்பமெல்லாம் மஞ்சள் கறையாக இருந்தது. அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். வரியின் ஆரம்பத்தை மனப்பாடமாகச் சொல்லி, முடிவை அதிலிருந்து படித்தார். இப்படியே கடைசி வரை போனார். கடவுள் ஒருத்தர்தான் என்பதும், இருக்கிற மனசையெல்லாம் கொடுத்து அவர் மேல் அன்பு வைக்க வேண்டும் என்பதும், அதை வாசற்காலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதில் இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். அதைத்தான் நான் கல்லுப்பில் போட்டு ஊறவைத்தேன்.

“என்ன மன்னிச்சிடுங்க மதாம்.”

“அது வேற ஒரு நாள். இப்ப பெட்டி கட்டணும்.” திருப்புளியை என் பக்கம் நீட்டினார். “நீயே கழட்டு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே.”

கழற்றினேன். திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. குழல் இருந்த இடத்தில் பெயின்ட் படாத மரம், சாய்ந்த கோடாக வெளுத்துத் தெரிந்தது.

“திரும்ப எழுதினா சரியாயிடுமா இது?” என்று நான் ஏதோ உளறினேன். புதிதாக எழுதி வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்க நினைத்து, வாயில் அப்படி வந்தது.

அவருக்கு என்ன புரிந்ததோ, இல்லை என்று தலையை ஆட்டினார். “ஒரு எழுத்து போனாக்கூட இத வாசல்ல வைக்கக் கூடாது. செத்தவங்கள மாதிரி மண்ணுல பொதைக்கணும்.”

“தோட்டத்துல கடப்பாரை இருக்கு மதாம், நான் தோண்டறேன்.”

“வேணாம். அப்பா பேருல பிரான்சுல ஒரு கல்லு வைக்கணும்னு ரொம்ப நாளா எண்ணம். கல்லுக்குக் கீழ வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லாம இருந்துது.” தோலை என் பிள்ளையின் ஞானஸ்நானச் சட்டையிலேயே திரும்பச் சுற்றினார். “இது எனக்கு வேணும். எடுத்துக்கட்டுமா?”

தலையாட்டினேன். இதை நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம் என்று பின்னால் என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த ஆறுதல் மதாமுடையது, எனக்கு அதில் பாத்தியதை இல்லை.

மத்தியானம் ரிக்‌ஷா வந்தது. பெட்டிகளை ஏற்றினோம். மதாம் கடைசியாக வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நடக்கிற நடையிலேயே கை எழும்பியது. வெளுத்த கோட்டைத் தொட்டது. விரல் உதட்டுக்குப் போனது. பின்னாலேயே ஓடிவந்த பாப்பாவும் எட்டிக் குதித்து அதே இடத்தைத் தொட்டு, ‘உம்மா’ என்றது. மதாம் சிரிக்கவில்லை, குனிந்து அதன் தலையில் கை வைத்தார். என்னைப் பார்த்து, “வர்றேன்” என்றார். எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னார்.

பழக்கத்தில் கை போனதா, நான் பார்க்க வேண்டும் என்று தொட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு ஒரு நாள் என்றாரே, அந்த நாள் வரவில்லை. காகிதம் வரும் என்று இரண்டு வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நானும் போடவில்லை. விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

ரிக்‌ஷா முனை திரும்பியதும் முன்கதவைப் பூட்டினேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். வெளுத்த கோடு என் தோளுக்கு நேராகத்தான் இருந்தது. தொடலாமா என்று கை எழுந்தது. தொடவில்லை. சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கப் போனேன்.